பலகை எடுக்கும் நேரம்

பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் மறுக்க முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் தியாகராய நகர்ச் சந்து ஒன்றில் எங்களுக்கு ஜாக்கெட் துணிக்கடை இருந்தது. என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட, கடையை நான் பார்க்க வேண்டியதாயிற்று. கரப்பான்பூச்சிக்கே அலறுகிறவள் நான். யாராவது குரலை உயர்த்தி விலை கேட்டாலே பாதி விலைக்குக் கொடுத்துவிடுவேன்.

ஷட்டரெல்லாம் அப்போது பெரிய கடைகளுக்குத்தான். எங்களுக்குப் பலகைக் கதவு. காலையில் ஒவ்வொரு பலகையாக உருவி எடுத்து ஓரத்தில் சாத்த வேண்டும். நல்ல கனம். முதல் நாள் பலகையைக் காலில் போட்டுக்கொண்டு நான் கத்தியபோது, பக்கத்துப் பைக்கடை பாய் ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"கூப்பிடக் கூடாதா தங்கச்சி?"

மறுநாள் அவர் பலகைக்கு நான் கைகொடுத்தேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் இல்லாமல் கடை திறக்க எனக்குப் பயம், அவ்வளவுதான். போகப்போக எதிர் வளையல்கடைக்காரர் சேர்ந்தார், அப்புறம் சந்து முழுவதும் சேர்ந்துகொண்டது. மழையானாலும் சரி, தினமும் எல்லாருமாகக் கூடி, கடை கடையாகப் பலகை எடுத்து, டீ குடித்த பிறகுதான் வியாபாரம். யார் வீட்டில் காய்ச்சல், யார் மகளுக்கு வரன் வந்திருக்கிறது எல்லாம் அங்கேதான் தெரியவரும். வாசலில் பூ விற்ற அம்மாள் பலகை தூக்க மாட்டாள். தூக்குகிறவர்களைக் கேலி செய்வது அவள் வேலை.

வியாபாரிகள் சங்கம் என்றும் ஒன்று இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை மண்டபம் பிடித்து, மைக் கட்டி, மாலை போட்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசுவார்கள். குலாப் ஜாமூன் பிரமாதமாக இருக்கும். மறுநாள் தெருவில் பார்த்தால் தலைவருக்கு என் முகம் ஞாபகமிருக்காது.

வீட்டுக்காரர் படுத்தது தெரிந்ததும், கடையை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த கட்டடச் சொந்தக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. பெரிய ஜவுளிக்கடைக்கு இடத்தைக் கொடுக்க வேண்டுமாம். ஒரு சனிக்கிழமை அவருடைய ஆள் வந்து கல்லாமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"திங்கக்கிழம காலைல வருவேன். சாவி என் கைக்கு வரணும். இல்லன்னா துணியெல்லாம் ரோட்ல கெடக்கும்."

அந்தக் கடை போனால் வைத்தியம் கிடையாது, சோறு கிடையாது. சங்கத் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். "கவலைப்படாதேம்மா, அடுத்த ஆண்டு விழாவுல தீர்மானம் போட்டுடுவோம்" என்றார். அட பாவி மனுஷா! வழியில் பூக்காரம்மாளிடம் சொல்லி அழுதுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் மந்தைவெளி வீட்டை விட்டு என்னால் நகர முடியவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவைத் தாழிட்டு, அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பலகை எடுக்கும் நேரம் தாண்டிப்போனது. இந்நேரம் துணியெல்லாம் தெருவில் கிடக்கும் என்று நினைத்ததும் இருப்புக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

சந்துக்குள் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கடைகூடத் திறக்கவில்லை. எல்லாரும் என் கடை வாசலில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரி யாராவது இறந்துபோனால், பிணத்தை எடுக்கும்வரை யாரும் பலகையைத் தொட மாட்டார்கள். சந்துக்கே பாய் கடையில் மட்டும்தான் டெலிபோன். ஆஸ்பத்திரியிலிருந்து எது வந்தாலும் அதற்குத்தான் வரும். என்னைக் கண்டதும் பாய் எழுந்து நின்றார். போதாதா? "ஐயோ, போயிட்டாரா!" என்று தலையில் அடித்துக்கொண்டு நடுத்தெருவில் விழுந்தேன்.

பூக்காரம்மாள் ஓடி வந்து என்னைத் தூக்கினாள்.

"அய்யே, இன்னாம்மே இப்டி அழுவுற? உன் ஊட்டுக்காரரு நல்லா கீறாரு. ஆஸ்பத்திரில விசாரிச்சாச்சு. நீ வரல, அதான் யாரும் கட தொறக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே! "உயிரே போயிடுச்சே! கடைய மூடிக்கிட்டு இப்படியா உக்காந்திருப்பீக?" என்று அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேன். திட்டி ஓய்ந்த பிறகுதான் மற்றது ஞாபகம் வந்தது.

"அவன் வந்தானா?"

"வந்தான்" என்றார் பாய். "கூட ரெண்டு பேரு. நாங்க எந்திரிக்கல. கொஞ்ச நேரம் நின்னு பாத்தான். நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

நாளைக்கா? முந்தானை முடிச்சு எவ்வளவு இழுத்தும் அவிழவில்லை. பூக்காரம்மாள்தான் அவிழ்த்துச் சாவியைப் பாயிடம் கொடுத்தாள்.

"நாளைக்கும் வந்தா என்ன பண்றது பாய்?"

"வரட்டும்" என்று பூட்டைத் திறந்தார் பாய். "நாளைக்கும் பலகை எடுக்க நாங்க வருவோம்ல. நீ மட்டும் வராம இருந்துடாத தங்கச்சி."