மாக் வீட்டு எலிமீன்கள்

மாக் பாய்-லாம் தன் வாழ்நாளில் நம்பியது ஒன்றே ஒன்று, பிரேக். க்வாய் சுங் மேட்டில் முப்பது வருடம் மினிபஸ் ஓட்டிய மனிதருக்கு வேறு தெய்வம் தேவைப்படவில்லை. மற்ற ஓட்டுநர்கள் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்திருந்த செம்முகத்துச் சாமியைப் பார்த்தால், "இவருக்குக் கால் பெடல் வரைக்கும் எட்டாதே" என்பார்.

போன வருடம் ஒரு மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வண்டி உருண்டதா என்பது. உருளவில்லை. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் விழுந்திருக்கிறார். அதை இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு நெஞ்சு சரியானது. அவர் மனைவி லான்-ஃபோங்குக்குத்தான் தூக்கம் போனது. அவள் சந்தையில் கீரையும் முட்டையும் விற்கிறவள். தட்டை ஒரு பார்வை பார்த்து எத்தனை முட்டை என்று சொல்லிவிடுவாள், எண்ணிப் பார்த்து யாரும் அவளை மடக்கியதில்லை. அப்படிப்பட்டவள் இப்போது இரவெல்லாம் கணவன் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு விழித்திருந்தாள். அவர் புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கீரைக்கட்டைக் கல்லாவுக்குள் போட்டு மூடி, காசை வாடிக்கையாளர் பைக்குள் வைத்து அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலமே ஃபெங்சுய் பார்க்கும் சாய் ஐயாவை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

சாய் ஐயா காந்தத் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த அறை அவர் ஒரு சுற்றுச் சுற்றும் அளவுதான் இருந்தது. டிவி பக்கத்து மூலையில் தண்ணீர் வேண்டும், அதில் ஆறு மீன் வேண்டும் என்றார்.

"வீட்டுக்கு வர்ற கெடுதலை மீன் வாங்கிக்கும். ஒண்ணு போனா உடனே இன்னொண்ணு வாங்கிப் போட்டுடணும். ஆறுதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

மாக் ஒரு கண்ணாடித் தொட்டியும் பொன்மீன் ஆறும் வாங்கி வந்தார். அடுத்த வாரமே ஒன்று மல்லாந்து மிதந்தது. "செத்துருச்சு" என்றார்.

"துப்பு. துப்பிட்டுப் பேசு. அந்த வார்த்தை வீட்டுக்குள்ள வேணாம்" என்றாள் லான்-ஃபோங். அவர் துப்பிய பிறகு மீனைப் பார்த்துக் கும்பிட்டாள். "உனக்கு வந்ததை அது வாங்கிக்கிச்சு, பாத்தியா?"

அன்று இரவு அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். அவள் மூன்று வேளையும் தீனியைக் கொட்டியதால்தான் மீன் போனது என்று மாக்குக்குத் தெரியும். சொல்லவில்லை. மனைவி தூங்க ஆரம்பித்திருக்கும்போது அதைக் கெடுப்பதற்கு அவர் என்ன மடையரா.

ஆனால் வாரம் ஒரு மீன் போனது. வாரம் ஒரு முறை பொன்மீன் தெருவுக்கு அலைந்து அலைந்து அவருக்கு அலுத்துவிட்டது. கடைக்காரப் பையனிடம் வெளிப்படையாகவே கேட்டார்.

"சாகாத மீன் ஏதாவது இருக்கா?"

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு பையை எடுத்து நீட்டினான். விரல்கணு நீளத்தில் ஆறு குட்டைக் கெளுத்திகள், மீசையை வைத்துத் தரையை மோந்துகொண்டு திரிந்தன. ஊரில் அதற்கு எலிமீன் என்று பெயர்.

"இதுங்க சாகாது முதலாளி. அதுதான் இதுங்ககிட்ட இருக்கிற தொல்லை."

மாக் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்தார். மிச்சமிருந்த பொன்மீன்களைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு எலிமீன்களைத் தொட்டியில் விட்டார். எலிமீன்கள் சாகவில்லை. அப்படியென்றால் வீட்டுக்குக் கெடுதலே வரவில்லை என்று லான்-ஃபோங் அர்த்தம் சொன்னாள். மீன் போனாலும் நல்லது, இருந்தாலும் நல்லது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஜெயிப்பது சாய் ஐயாதான் என்பது மாக்குக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

ஜூலையில் ஒரு புயல் வந்தது. எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றிவிட்டார்கள். பஸ் இல்லை, சந்தை இல்லை. ஜன்னலுக்கு டேப் ஒட்டி முடித்த மாக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாளியில் பிடித்து வைத்திருந்த குளிர்ந்த தண்ணீரை எடுத்துத் தொட்டியில் பாதியை மாற்றினார். ஒரு மணி நேரத்தில் எலிமீன்கள் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன. சாயங்காலம் கண்ணாடியெங்கும் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கடைக்காரப் பையனுக்குப் போன் போட்டார்.

"வாழ்த்துகள் முதலாளி" என்றான் அவன். "புயல்ல காத்தழுத்தம் குறையும். நீங்க வேற குளுந்த தண்ணிய ஊத்தியிருக்கீங்க. மழைக்காலம் வந்துருச்சுன்னு முட்டை போட்டிருச்சுங்க."

"இது மழைக்காலம் இல்ல, புயல்னு அதுங்களுக்குத் தெரியாதா?"

"அதுங்க பூர்வீகம் தென் அமெரிக்கா முதலாளி. நம்ம ஊர் வானிலை அறிக்கைய யார் படிச்சுக் காட்டுறது?"

முட்டையில் பாதியைப் பெற்றவர்களே தின்றார்கள். மீதி பொரித்தது. எண்ணிக்கை ஆறைத் தாண்டியதும் லான்-ஃபோங் பதறிப்போய் சாய் ஐயாவுக்குப் போன் செய்தாள். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"வீட்டுல பிறந்ததை வெளிய அனுப்பக்கூடாது. எண்ணிக்கை மட்டும் ஆறுல முடிஞ்சாப் போதும். பதினாறு, இருபத்தாறு, உங்க வசதி எப்படியோ அப்படி."

அன்றிலிருந்து லான்-ஃபோங் சந்தைக்குப் போகுமுன் மீன்களை எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த புயலுக்கும் அவை முட்டையிட்டன. குஞ்சுகள் வளர்ந்தன. தொட்டித் தண்ணீர் குளம்போல் நாற ஆரம்பித்தது. மாக் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஆள் கொள்ளாத மினிபஸ்ஸைப் பார்ப்பது போலத் தவித்தார். இத்தனையும் ஒரே காலையில் மிதந்தால் என்ன ஆகும்? எவ்வளவு பெரிய கெடுதல் வருகிறதோ என்று லான்-ஃபோங் பழையபடி உள்ளங்கையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். தூக்கம் போய்விடும். அது நடக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்குக் கவலை.

ஆகவே எலிமீன் குடும்பக் கட்டுப்பாட்டை மாக் ரகசியமாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். புயல் கொடி ஏறினால் ஊரார் காயப்போட்ட துணியை எடுப்பார்கள். மாக் இழுப்பறையில் பில்களுக்கு அடியிலிருந்து பழைய சவர பிளேடை எடுப்பார். லான்-ஃபோங் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கண்ணாடியில் ஒட்டிய முட்டையைச் சுரண்டி, டாய்லெட்டில் ஊற்றிவிடுவார். தப்பிப் பொரித்தவை வளர்ந்தால், பார்சல் சூப் டப்பாவில் பிடித்துக்கொண்டு மேட்டை இறங்கிப் போய்க் குவான் என்பவனின் தேநீர்க் கடையில் கொடுப்பார். எப்போதும் பத்துப் பத்தாகத்தான் எடுப்பார். பத்து எடுத்தால் கடைசி எண் மாறாதல்லவா. மினிபஸ் ஓட்டுநர் என்றால் சும்மாவா.

"முப்பத்தாறு" என்பாள் லான்-ஃபோங் காலையில்.

"ஆமா."

"நேத்து நாப்பத்தாறு இருந்த மாதிரி இருந்துச்சே?"

"கல்லுக்கடியில கிடக்கும்."

"ஆறுல முடியுதுல்ல. விடு."

குவானும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி வாங்கி வைத்துவிட்டான். எலிமீன் வந்ததிலிருந்து மதியக் கூட்டம் கூடியிருக்கிறது என்று அவனும் ஒரு கணக்கு வைத்திருந்தான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் லான்-ஃபோங் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"மார்ல ஒரு கட்டி இருக்காம். வெள்ளிக்கிழமை அறுத்து எடுக்கறாங்க."

மாக் டிவியை அணைத்தார். "எப்பலேருந்து?"

"ஜூன்லேருந்து தட்டுப்படுது."

"ஜூன்லேருந்து எங்கிட்ட சொல்லலையே நீ."

"உன் நெஞ்சை வச்சுக்கிட்டு உங்கிட்ட என்னத்தச் சொல்றது?" காம்புகளைக் கிள்ளித் தனியே போட்டாள். "சூப்பு செஞ்சு டப்பாவுல போட்டு வைக்கிறேன். சுட வச்சுக் குடி. உப்பு சேக்காத."

மாக் தொட்டியைப் பார்த்தார். "இதுல உனக்குன்னு எது?"

"எது எது?"

"மீனு. உன் கெடுதலை எது வாங்கிக்கும்?"

"எல்லாம் உனக்குத்தான். எனக்குன்னு நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"இன்னொரு தொட்டி வைக்க இந்த வீட்டுல எடம் எங்கய்யா இருக்கு?" என்றவள், கீரையை அலசப் போகும்போது போகிறபோக்கில் சொன்னாள், "நான் போயிட்டா மட்டும் இதுங்களுக்குத் தீனிய அள்ளிக் கொட்டிடாத."

"துப்பு" என்றார் மாக். "துப்பிட்டுப் பேசு."

லான்-ஃபோங் திரும்பி அவரை வியப்பாகப் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினாள்.

மாக் பயந்துபோனார். தன் நெஞ்சு நின்றபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை, அப்போது பயப்பட அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. பத்துப் பத்தாகத் தான் தூக்கிக் கொடுத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. மறுநாள் டப்பாக்களை எடுத்துக்கொண்டு குவானின் கடைக்குப் போனார்.

"மீனைத் திருப்பிக் குடு."

குவான் தேநீர் வடிகட்டும் துணியைக் கீழே வைத்தான். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களாண்ணே? சின்னப் பசங்ககூடப் பண்ண மாட்டாங்க."

"பண்ண மாட்டாங்க. நான் பண்றேன்."

"எத்தனை?"

"எல்லாம்."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் நூடுல்ஸை வாயில் வைத்தபடியே திரும்பினார்கள். முப்பது வருடமாக அந்த மேட்டில் தலைநிமிர்ந்து வண்டி ஓட்டிய மனிதருக்குக் காது சிவந்தது.

"ஏண்ணே, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"என் பொண்டாட்டிக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அவளுக்குன்னு ஒரு மீனும் இல்ல."

குவான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, நூடுல்ஸ் வடிக்கும் கரண்டியை எடுத்து, ஒரு மீன்கூட விடாமல் பிடித்து டப்பாக்களில் போட்டான். கடைசியில் ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி மேலே வைத்தான். "இது அக்காவுக்கு."

டப்பாக்களோடு மேடேறும்போது மாக் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இதையெல்லாம் நம்புகிறீரா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி எட்டாம் எண் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அறுவை சிகிச்சை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் இருவரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டியது. மடித்த துணியையே மறுபடி மடித்தாள் லான்-ஃபோங். தொட்டியில் மீனுக்கு மீன் இடித்துக்கொண்டது. மத்தியானம் பார்த்தால், முன்பக்கக் கண்ணாடியில் ஜவ்வரிசி.

லான்-ஃபோங் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, பில்களைத் தூக்கி, பிளேடை எடுத்துவந்து நீட்டினாள்.

"இந்தா. நான் வேணா போய்க் குளிக்கட்டுமா?"

மாக் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எப்பலேருந்து தெரியும்?"

"முட்டை விக்கிறவகிட்டயே முட்டைய மறைக்கிறியா?"

"பத்துப் பத்தாப் போனது?"

"அதுவுந்தான். டாக்டர் நட நடன்னு தலையால அடிச்சுக்கிட்டாரு, நீ நடக்கல. மீனைத் தூக்கிக்கிட்டு மட்டும் மேடு எறங்கி ஏறுன. நடக்கட்டும்னு விட்டுட்டேன். இப்ப எல்லாத்தையும் கொண்டாந்து ரொப்பியிருக்க. இதையாவது சொரண்டு."

மாக் பிளேடை வாங்கி, பழையபடி இழுப்பறையில் போட்டு மூடினார்.

"இது சொரண்டறதுக்கில்ல" என்றார். "இதுல வர்றதெல்லாம் உனக்கு."

காற்று ஒருமுறை ஊளையிட்டு அடங்கியது. லான்-ஃபோங் மடித்த துணியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள், "ஆறுல முடியுதா?"

மாக் ஸ்டூலைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தின்ன வந்த பெரிய மீன்களை விரலால் கண்ணாடியைத் தட்டி விரட்டிக்கொண்டே எண்ணினார். இருபத்தேழு. மறுபடி கீழிருந்து மேலாக எண்ணினார். இருபத்தேழு. வலது மூலையில் ஒன்று மற்றவற்றை விட்டுத் தள்ளி ஒட்டியிருந்தது. நகத்தால் தொட்டாலே போதும், வந்துவிடும். கையைத் தண்ணீருக்குள் விட்டார். மூலை வரைக்கும் கொண்டுபோனார். முட்டையைத் தொடாமலே கையை வெளியே எடுத்துவிட்டார்.

"இருபத்தாறு" என்றார்.

லான்-ஃபோங் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் குனிந்தாள். முப்பது முட்டைத் தட்டை ஒரு பார்வையில் சொல்கிறவள், இப்போது விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொன்றாக எண்ணினாள். விரல் வலது மூலை வரைக்கும் போய் அந்த ஒற்றை முட்டையின்மேல் நின்றது. நிறைய நேரம் நின்றது.

"ஆமா, இருபத்தாறு. சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அரிசி களையப் போனாள்.