கொரியா வண்டி நின்ற இடம்

புது ரெக்சின் வாசனையும் புளிச்சோற்று வாசனையும் ஒன்றாகக் கலந்தால் மூன்றாவதாக ஒரு வாசனை வரும். அதற்கு இன்றுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. வைக்கும் பொறுப்பு எனக்கிருந்தால் ‘கொரியா’ என்றுதான் வைப்பேன். நான்காம் வகுப்புப் படித்த காலத்தில், என் அப்பாவின் கொரியா காரில், அத்தையின் மடிக்கும் சோற்றுத் தூக்குக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு விராலிமலையிலிருந்து மணமேல்குடிவரை அந்த வாசனையைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டு போனேன்.

அப்பா விராலிமலை கார் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வாடகைக் காரை எங்கள் பக்கத்தில் ‘பிளஷர்’ என்பார்கள். அப்பாவிடம் இருந்த பிளஷர் உருண்டை மூக்கும் யானைப் பின்புறமும் கொண்ட பழைய வெள்ளைக் கார். அதை விற்றுவிட்டு, யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், சென்னைக்குப் பக்கத்தில் புதிதாகத் தொழிற்சாலை போட்டிருந்த ஒரு கொரியாக் கம்பெனியின் சின்னக் காரை ஒருநாள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதன் நிறம் மயில் கழுத்து என்றார் அப்பா. குளத்துப் பாசி என்றது ஸ்டாண்டு. எங்கள் ஊர் முருகனுக்குச் சுருட்டு படைப்பது வழக்கம். அன்றைக்கு அப்பா ஒன்றுக்கு இரண்டாகப் படைத்ததிலிருந்தே அவருக்கும் உள்ளூர உதைப்பு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் காரின் தரத்தைக் கண்டுபிடிக்க எங்கள் ஊரில் இருந்தது ஒரே சோதனைதான். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் கணுவால் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். பழைய பிளஷர் ‘டொம்’ என்னும். எங்கள் வண்டி ‘டிங்’ என்றது. ஸ்டாண்டுக்கு வந்தவர் போனவர், பஸ்ஸுக்கு நின்றவர், மலையேற வந்த வெளியூர்க்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் தட்டிவிட்டுப் போனார்கள். ஸ்டாண்டில் அப்பாவுக்கு அடுத்து வண்டி போடும் பெரியகருப்பன் மாமா தினமும் காலையில் வந்ததும் ஒரு தட்டு, கிளம்பும்போது ஒரு தட்டு.

“என்ன மச்சான், பிஸ்கோத்து டின்னுக்குச் சக்கரம் மாட்டிக் குடுத்துட்டானா கொரியாக்காரன்?”

“டின்னுல இருக்கவரைக்கும்தான் மச்சான் பிஸ்கோத்து நமுக்காது” என்பார் அப்பா. சிரித்துக்கொண்டே சொல்வார். வீட்டுக்கு வந்து சிரிக்க மாட்டார்.

போதாக்குறைக்கு, துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். அவர் அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். ஆனாலும் துபாய் ரோட்டைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் உலகத்துக் கார்களைப் பற்றி எங்கள் வீட்டில் அவர் சொல்வதே தீர்ப்பு. “வாங்குறதுக்கு முன்னாடி என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே? அங்கிட்டு இதைச் சீண்ட ஆளில்ல. ஜப்பான் வண்டி வாங்க முடியாதவன்தான் இதுல கைய வைப்பான்” என்றார். அப்பா கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

இந்தப் பேச்சையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் ஈடுகட்டினேன். எங்கள் வண்டியின் முன்விளக்கு கொரியா பாஷையில் கண்ணடிக்கும் என்றும், ஹாரனை நீளமாக அமுக்கினால் கொரியா ராஜாவுக்குக் கேட்கும் என்றும் சொல்லி வைத்தேன். கொரியாவுக்கு ராஜா உண்டா என்று ஒரு பயலும் கேட்கவில்லை. ஆனால் ‘டிங்’ என்று என் மண்டையில் தட்டிவிட்டுப் போனார்கள்.

சிரிப்பு சிரிப்பாக இருந்தாலும் சவாரி விஷயம் சிரிப்பாக இல்லை. கல்யாணச் சவாரிதான் ஸ்டாண்டுக்குச் சோறு. மாப்பிள்ளை அழைப்புக்கு ‘டொம்’ என்ற வண்டிதான் வேண்டும். டிங் வண்டியில் மாப்பிள்ளை வந்து இறங்கினால் பெண் வீட்டார் மாப்பிள்ளையையும் தட்டிப் பார்ப்பார்கள். ஆகவே அப்பாவுக்கு வந்ததெல்லாம் பிரசவ வலி, பாம்புக்கடி, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிய மருமகள் என்று, வேறு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாத சவாரிகள் மட்டும். வெள்ளைக் காரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று அம்மா கேட்க ஆரம்பித்தார். அதை வாங்கிப்போன ஆளும் திருப்பித் தரத் தயாராகத்தான் இருந்தாராம்.

அப்போதுதான் ராசாத்தி அத்தை, அப்பாவின் அக்கா, பேரனுக்குக் காதுகுத்த மணமேல்குடிப் பக்கத்திலுள்ள அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போக அப்பாவின் வண்டியைப் பேசினார். தம்பி வண்டி என்ற ஒரே காரணம்தான். அதையும் சும்மா பேசவில்லை. “இந்தா பாரு தம்பி, ஒனக்காகத்தான் வாரேன். வழியில எங்கிட்டாச்சும் நின்டுச்சுன்னா, அடுத்த மாசம் சின்னவன் கல்யாணத்துக்கு பெரியகருப்பன் வண்டிதான். அப்பறம் கோவிச்சுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். ஸ்டாண்டுக்கே அது தெரியும். சொந்த அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கே அப்பாவின் வண்டி போகவில்லையென்றால் அதற்குமேல் அதில் யார் ஏறுவார்கள்?

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்நாளில் காரில் வெளியூர் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொள்வார்கள். ஆனால் சாப்பிட என்று தனியாக எங்கும் நிறுத்துவதில்லை. வண்டி எப்படியும் ஓரிடத்தில் நிற்கும். பானட்டைத் திறப்பார்கள், புகை வரும், டிரைவர் தண்ணீர் தேடிப் போவார். அந்த நேரத்தில் புளியமரத்தடியில் துண்டை விரித்துச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வண்டி சூடு தணிவதற்கும் இவர்கள் கைகழுவுவதற்கும் சரியாக இருக்கும். இத்தனை காலமும் அந்தக் கணக்கு பிசகியதே இல்லை.

ஐந்து பேர் உட்கார வேண்டிய வண்டியில் அத்தை, மாமா, மகன், மருமகள், காது குத்தப்போகும் பேரன், ஒரு சோற்றுத் தூக்கு, ஒரு சேவல், ஒப்புக்குச் சப்பாணியாக நான் என்று எல்லோரும் ஏறினோம். பெரியகருப்பன் மாமா ஒரு கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து டிக்கியில் போட்டார். “கட்டி இழுக்க வேணும்ல மச்சான்” என்றார். அப்பா அதை எடுத்து வெளியே போடவில்லை. போட்டிருந்தால் பயந்துவிட்டார் என்பார்கள். வைத்திருந்தாலும் பயந்துவிட்டார் என்பார்கள்.

இலுப்பூர் போனது, அன்னவாசல் போனது, புதுக்கோட்டையும் போனது. வண்டி நிற்கவில்லை. புதுக்கோட்டை தாண்டியதும் அத்தை தூக்கைத் தொட்டுப் பார்த்தார். “எப்படா தம்பி நிக்கும்?” என்று கேட்டார்.

“நிக்காதுக்கா.”

“அப்ப எப்ப திங்கிறது?”

அப்பா வேகத்தைக் கூட்டினார். நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போவதில் என்ன தடை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அன்று தோன்றியது. ஆனால் அப்பாவின் பயம் வேறு. அந்த ரோட்டில் எங்கள் ஊர் ஆட்கள் யாராவது பஸ்ஸில் போய்வந்துகொண்டே இருப்பார்கள். ரோட்டோரத்தில் நிற்கும் காரைப் பார்க்கிறவனுக்கு அது சோற்றுக்காக நிற்கிறதா, கோளாறில் நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? கொரியா வண்டி நின்றுவிட்டது என்ற செய்தி நாங்கள் திரும்புவதற்குள் ஸ்டாண்டுக்குப் போய்விடும். ஆகவே தண்ணீருக்கு நிறுத்தவில்லை, டீக்கு நிறுத்தவில்லை, சேவல் மாமாவின் வேட்டியில் செய்த காரியத்துக்கும் நிறுத்தவில்லை. அறந்தாங்கி வந்தபோது வண்டிக்குள் இருந்த எல்லோரும் பசியில் கொரியாவைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி மட்டும் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வண்டியில் பழுதான ஒரே பாகம் நான்தான். அறந்தாங்கிக்கு முன்பிருந்தே எனக்கு முட்டிக்கொண்டு நின்றது. முதலில் அப்பாவின் தோளைத் தொட்டேன், பிறகு சுரண்டினேன், பிறகு அழுதேன். “இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்” என்றார். “யேய், புது ரெக்சின்டா தம்பி, சொன்னாக் கேளு” என்று அத்தை அப்பாவிடம் சொன்ன பிறகுதான் அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது. அறந்தாங்கி தாண்டி ஒரு கண்மாய்க் கரையோரம், கருவேல மரங்கள் மறைக்கும் இடமாகப் பார்த்து, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினார்.

“சட்டுனு போயிட்டு வா.”

சட்டென்று ஓடி, கண்மாயைப் பார்த்து நின்றேன். வரவில்லை. அத்தனை நேரம் அணை உடைப்பேன் என்று மிரட்டிய ஆள், அப்பாவின் ‘சட்டுனு’ முதுகில் வந்து விழுந்ததும் ஒரு சொட்டுக்கு வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். “ஆச்சா?” என்றார் அப்பா. “ஆகலை” என்றேன். “இப்ப?” என்றார். அவர் கேட்கக் கேட்க அது உள்ளே போனது. கடைசியில் அவர் கீழே இறங்கிவிட்டார். காருக்கு வெளியே டிரைவரே நின்ற அந்த நேரம் பார்த்துத்தான், மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ் வந்தது.

அந்தக் காலத்து பஸ், நிற்கும் காரைப் பார்த்தால் கேட்காமல் போகாது. வேகம் குறைந்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. அதில் ஒரு தலை, எங்கள் ஸ்டாண்டு டீக்கடை மாஸ்டரின் மச்சான். “என்னங்க, வண்டி நின்னுருச்சா?” என்று கண்டக்டர் படிக்கட்டிலிருந்து கத்தினார்.

“வண்டி...” என்று அப்பா ஆரம்பித்தார். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். மீதி வாக்கியத்தோடு அப்பா கொஞ்ச தூரம் பஸ்ஸின் பின்னால் ஓடினார். அந்த அதிர்ச்சியில் எனக்கு வந்துவிட்டது.

காது குத்தினார்கள். மதியத்துக்குமேல், மணமேல்குடிக் கடற்காற்றில், எல்லோரும் கோபத்தோடு புளிச்சோறு தின்றார்கள். அப்பா மட்டும் தின்னவில்லை.

நாங்கள் ஊர் திரும்பியபோது செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் மச்சான்காரர் உட்கார்ந்திருந்தார். “அறந்தாங்கி தாண்டி மல்லாந்துருச்சாம்ல?” என்று கேட்டபடி பெரியகருப்பன் மாமா தன் கயிற்றை வாங்கிக்கொள்ள எழுந்து வந்தார். “பையனுக்கு ஒண்ணுக்கு வந்துச்சு” என்றார் அப்பா. யாரும் நம்பவில்லை. எல்லா டிரைவரும் சொல்வதுதான் அது.

காப்பாற்றியது அத்தைதான். காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து அல்ல. காரிலிருந்து இறங்கும்போதே தூக்கை டீக்கடை பெஞ்சில் ணங்கென்று வைத்துவிட்டு ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்: “நின்டுச்சா? எங்கிட்டு நின்டுச்சு? நிக்கும் நிக்கும்னு பாத்து வகுறு காஞ்சதுதான் மிச்சம். காலையில கட்டுன சோத்த உச்சி சாஞ்சு தின்டுருக்கோம். இந்தப் பய மோள நின்னான், அப்பயும் எஞ்சின் ஓடிக்கிட்டேதான் கெடந்துச்சு. இனிமே இந்த வண்டியில சோறு கட்டிக்கிட்டு மனுசன் போவானா?”

அப்பா நல்லதாக நூறு சொல்லியிருந்தாலும் நடக்காத காரியம், அத்தையின் ஒரு வசவில் நடந்தது. பெரியகருப்பன் மாமா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தார். அன்று தட்டவில்லை. ‘நிற்காத வண்டி, பட்டினி போட்டுவிடும்’ என்ற புகார் விராலிமலையிலிருந்து கொடும்பாளூர் வரைக்கும் பரவியது. அடுத்த மாதம் அத்தையின் சின்ன மகன் அதே பாசி நிற வண்டியில்தான் மாப்பிள்ளையாகப் போனான். என் பெயர் மட்டும் பள்ளிக்கூடம் முடியும்வரை ‘ஸ்டாப்பிங்’ என்றே இருந்தது. ஒரு வண்டியின் மானத்துக்கு ஓர் ஆளின் மானம். அப்பாவைப் பொறுத்தவரை நியாயமான வியாபாரம்தான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. வாத்தியார் ஒருவர் அதே கம்பெனி வண்டியை வாங்கினார், பிறகு பேங்க்காரர் வாங்கினார், ஒரு கட்டத்தில் ஸ்டாண்டில் பாதி கொரியாவாக இருந்தது. பெரியகருப்பன் மாமாவே தன் வெள்ளைக் காரை எடைக்குப் போட்டுவிட்டு ஒன்று வாங்கினார். நீளமாக இருக்கிறது, அதனால் இது வேறு ஜாதி கொரியா என்று விளக்கம் சொன்னார். துபாய்ச் சித்தப்பா அடுத்தடுத்த லீவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ப்பைத் திருத்தினார். “பரவாயில்லங்கிறாங்க” என்பது “இப்ப நல்லாப் பண்றான்” ஆகி, கடைசியாக வந்தபோது, “நான் அப்பவே சொன்னேன்லண்ணே” என்றார். அப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

இன்றைக்கு அதே கம்பெனி வண்டிகளின் கூரை திறக்கிறது. மாப்பிள்ளைகள் அதன் வழியே இடுப்புவரை வெளியே வந்து ஊரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போகிறார்கள். யாரும் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. மோதினால் தாங்குமா, எத்தனை நட்சத்திரம் என்று போனைப் பார்த்துக் கேட்கிறார்கள். தட்டுவதைவிட அது நல்ல கேள்விதான். என்னிடம் இருப்பதும் கொரியா வண்டிதான். வாங்கும்போது யாரும் சிரிக்கவில்லை, யாரும் வந்து பார்க்கவும் இல்லை.

போன மாதம் அப்பாவை ஏற்றிக்கொண்டு மணமேல்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். எனக்குச் சர்க்கரை வந்து மூன்றாவது வருடம். அறந்தாங்கிக்கு முன்பே முட்டியது. அதே கண்மாய்க் கரையாகப் பார்த்து நிறுத்தினேன். கருவேலம் குறைந்து ஒரு செல்போன் கோபுரம் முளைத்திருந்தது.

“சட்டுனு போயிட்டு வா” என்றார் அப்பா. இந்த வயதிலும் அந்தச் சொல்லுக்கு அதே பலன் இருந்தது.

நான் கண்மாயைப் பார்த்து நின்ற நேரத்தில் அப்பா தடியை ஊன்றி இறங்கி, வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். ஒரு பஸ் போனது. பிறகு கார்கள், வேன், மறுபடி பஸ். எதுவும் வேகத்தைக் குறைக்கவில்லை, ஒரு தலையும் ஜன்னலில் முளைக்கவில்லை. ரோட்டோரம் நிற்கும் காரைப் பார்த்தால் கோளாறு என்று இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. போன் பேசுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

“ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறானேடா” என்றார் அப்பா.

நான் ஜிப்பை இழுத்துக்கொண்டு திரும்பினேன். அன்றைக்கு பஸ் பின்னால் ஓடிய ஆள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ரோட்டோரமாகப் பத்தடி தள்ளிப்போய் நின்று, கண்டக்டர் மாதிரி கையைத் தூக்கிக் கேட்டேன்:

“என்னங்க, வண்டி நின்னுருச்சா?”

அப்பா நிமிர்ந்தார். “வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. பயலுக்குத்தான் அவசரம்” என்று முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.