பாஸ்போர்ட்டில் ஏறிய மச்சம்

நான் வைத்த மைப்பொட்டு ஒன்று இந்திய அரசாங்கத்தின் பாஸ்போர்ட்டில் ஏறியது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைதான், இருக்கட்டுமே.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேலூருக்கு வெளியே ஒரு சின்னக் குழந்தைகள் இல்லத்தில் எனக்கு வேலை. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, மூக்குத் துடைப்பது எல்லாம் என் உத்தியோகம். எனக்கு வயது இருபத்திரண்டு, வாய்க்கு மட்டும் நாற்பது. பிறந்த ஒன்பதாம் நாளே அங்கே வந்து சேர்ந்த ஒரு பெண் குழந்தை, மூன்று வயதுவரை என் இடுப்பிலேயே வளர்ந்தாள். நான் அவளைக் குட்டி என்பேன். அவள் என்னை 'க்கா' என்பாள்.

அவளைத் தத்துக் கேட்டு ஸ்வீடனிலிருந்து ஒரு தம்பதி எழுதினார்கள். கோர்ட்டும் சரி என்றது. இல்லத்தில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவிடம், குட்டியை நானே வளர்த்தால் என்ன என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "கல்யாணம் ஆவாத பொண்ணு இடுப்புல கொழந்தையோட தெருவுல வந்து நின்னா, ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா?" என்றார். தெரியும். அதோடு விட்டுவிட்டேன்.

பாஸ்போர்ட் போட்டோ எடுக்க லாங் பஜாருக்கு நான்தான் தூக்கிப்போனேன். புதுக் கவுன், இரட்டைக் குடுமி. கைவண்டி இழுப்பவரிலிருந்து பூக்காரி வரை அத்தனை பேர் கண்ணும் அவள்மேல்தான். நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் வார்டன் அம்மாவோ பொட்டு, திருஷ்டி என்று யாராவது மூச்சு விட்டாலே சாமியாடுவார். ஆனால் ஊர்க்கண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா? ஒளித்து வைத்திருந்த மை டப்பாவைத் திறந்து, இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். போட்டோ எடுத்து முடிந்ததும் துடைத்துவிட்டேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது! இல்லத்தில் டைப் அடிக்கும் கிளார்க் ஒருவர் இருந்தார். தலை நிமிராமல் வேலை செய்வதில் அவருக்கு அலாதிப் பெருமை. குழந்தை பத்தடி தூரத்தில் விளையாடிக்கொண்டிருக்க, அந்த மனுஷர் போட்டோவைப் பார்த்தே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டார். அங்க அடையாளம்: இடது கன்னத்தில் கறுப்பு மச்சம். விண்ணப்பம் மெட்ராஸ் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போன பிறகுதான் வார்டன் அம்மா நகலைப் படித்தார்.

"இன்னாடி இது மச்சம்?"

"மைங்கம்மா. கண்ணு பட்டுடும்னு..."

அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அவர் யோசித்தார். திருத்தப் போனால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து, மாதக்கணக்கில் இழுக்கும். கடைசியில் பைபிளை மூடி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போலீஸ் எப்ப விசாரிக்க வருவாங்கன்னு தெரியாது. கொழந்த ஊருக்குப் போற வரைக்கும் தெனம் காலைல ஜெபம் முடிஞ்சதும் வச்சிடு. சின்னதா வை."

குட்டிக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஆமென் சொன்ன கையோடு ஓடிவந்து இடது கன்னத்தை நீட்டுவாள். வேறு யார் வைக்கப் போனாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். போலீஸ்காரர் வந்த அன்று பார்த்து அவளுக்குத் தூக்கம். அவசரத்தில் தூங்குகிறவளுக்கு வைத்ததில் கன்னம் மாறிவிட்டது.

"இன்னாம்மா, போட்டோல இந்தப் பக்கம் இருக்குது, கொழந்தைக்கு அந்தப் பக்கம் இருக்குதே?"

"போட்டோன்னா கண்ணாடி மாதிரிதானே சார்? மாத்தித்தான் காட்டும்."

அவர் தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார், டீயைக் குடித்தார், "ஆமா இல்ல" என்று எழுதிக்கொண்டு போனார். அன்று மாலை ஜெபத்தில் வார்டன் அம்மா எனக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டார்.

ஸ்வீடன்காரர்கள் வந்தார்கள். போட்டோவைப் பார்த்துவிட்டு, அந்த அழகான மச்சம் என்று கடிதத்தில் வேறு எழுதியிருந்தாள் அந்த வெள்ளைக்காரம்மா. 'எழுதியிருந்தார்' என்று மரியாதையாகச் சொல்ல அப்போது எனக்கு மனசு வரவில்லை. கிளம்புகிற நாள் காலையில் குட்டி வழக்கம்போலக் கன்னத்தை நீட்டினாள். வழியிலேயே அழியட்டும் என்று நான் தொட்டும் தொடாமலும் வைத்தேன். விமான நிலையத்தில் மச்சம் இல்லாவிட்டால், இது அந்தக் குழந்தையே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று என் புத்தி கணக்குப் போட்டது. பாவம்தான். தெரிந்தே செய்தேன்.

விமான நிலையம் வரைகூடப் போகவில்லை. வாசலில் கார் நின்றது. குட்டி வாழைப்பழத்தை முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். வெள்ளைக்காரம்மா ஈரக் கைக்குட்டையால் துடைத்தாள். மச்சம் கைக்குட்டைக்குப் போய்விட்டது.

அவள் கைக்குட்டையைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வார்டன் அம்மா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். நான் மனசுக்குள் கெஞ்சினேன்: கத்து, ஏமாத்திட்டீங்கன்னு கத்து, கொழந்தைய விட்டுட்டுப் போ.

அவள் சிரித்தாள். கைப்பையைத் துழாவி, புருவம் தீட்டும் பென்சிலை எடுத்து, பாஸ்போர்ட்டைப் பார்த்துக் குட்டியின் கன்னத்தில் வைக்கப் போனாள். குட்டி வெடுக்கென்று முகத்தைத் திருப்பி, "க்கா" என்று என்னிடம் கன்னத்தை நீட்டினாள். அவ்வளவுதான், வெள்ளைக்காரம்மாவின் சிரிப்பு போய்விட்டது. பென்சிலை என்னிடம் நீட்டினாள். குழந்தை தனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்திருந்தாள். அந்தப் பயம் எனக்குத் தெரியாதா? மூன்று மாதமாக நானும் அதோடுதானே தூங்கி எழுந்தேன்.

பென்சிலை நான் வாங்கவில்லை. மை டப்பாவைத் திறந்து, அவள் விரலைப் பிடித்து மையில் தோய்த்தேன். அந்த விரலைப் பிடித்தபடியே குட்டியின் இடது கன்னத்தில் வைத்து அழுத்தினேன். என் கையும் அதில் இருந்ததால் குட்டி அசையாமல் நின்றாள். "லெஃப்ட், லெஃப்ட்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டுமுறை சொல்லி, பிள்ளைக்குக் கண் படாமல் இருக்கத்தான் இது என்று ஜாடையில் காட்டி, டப்பாவையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். கார் போனது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கடிதத்தோடு ஒரு போட்டோ வந்தது. பனிக்கு நடுவே, கம்பளிக் குல்லாயில் குட்டி. கன்னத்தில் மச்சம். பாஸ்போர்ட்டுக்கு இனி வேலையில்லை, சரிபார்க்க அங்கே எந்தப் போலீஸும் வரப்போவதில்லை. பிள்ளைக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்றுதான் வைத்திருக்கிறாள். அதுவும் வலது கன்னத்தில்.

"லெஃப்ட்டுன்னு ரெண்டு தபா சொன்னேனே, பேஜார் புடிச்சவளே!" என்று போட்டோவைப் பார்த்துக் கத்தினேன். கத்திவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.