வரவேற்பு முடிய ரயிலுக்கு நேரமாகிவிட்டது

இன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: நான், என் பேத்தி துளசி, அவளோடு கம்பஸில் ஓடுகிற இரண்டு பிள்ளைகள், கொழும்பிலிருந்து வந்த வாசுகி, எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் தம்பிராசா.

வாசுகி முன்னாள் ஓட்டக்காரி. இப்போது ஓடுகிற பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுத்து வழிகாட்டுகிறவர்.

துளசியைத் தங்கள் அணிக்கு ஓடக் கேட்டு ஒரு கொம்பனி வேலை தருகிறது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "கால் ஏலாமல் போனால் வேலையும் போகுமோ?" இதைக் கேட்கத்தான் போனோம்.

தம்பிராசா பிள்ளைகளைச் சேலை உடுக்கச் சொல்லி, பன்னீர்த் தட்டோடு வாசலில் நிறுத்திவிட்டார். பிறகு விளக்கு, மாலை, பொன்னாடை. அதன் பிறகு வரவேற்புரை. கழகத்துக்குக் கிணறு வெட்டிய கதையிலிருந்து தொடங்கினார்.

"ஐயா, நான் பிள்ளையளோடை கதைக்கத்தானே வந்தனான்" என்று வாசுகி இரண்டு தரம் சொன்னார்.

"ஓம் பிள்ளை, இந்தா முடிக்கிறன்."

முடித்தபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசுகியை ஏற்றிக்கொண்டு வான் ஸ்டேசனுக்கு வெளிக்கிட்டது.

"ஓடிப் போய்க் கேளடி!" என்றேன்.

"சீலையோடை எப்பிடி அம்மம்மா ஓடுறது?"

தம்பிராசாவிடம் வாசுகியின் நம்பர் கேட்கலாம். அதற்கும் ஓர் உரை இருக்கும். என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்றும் இப்படிப் பேசிச் சோற்றை ஆறவைத்தவர் அவர்தான்.

துளசியின் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் திங்களுக்கு முன் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்.

தம்பிராசா மட்டும் எழுத வேண்டாம். அவரை நான் மன்னிக்கவும் மாட்டேன், அவ்வளவு நீளம் வாசிக்கவும் மாட்டேன்.