மாகறல்காரருக்கு மூன்று மருந்து

கீமோ வார்டு நர்ஸ் வேலையில் ஊசி குத்துவது பாதி, பதில் சொல்வது மீதி. நரம்பு கிடைக்காமல் ஒரே கையில் நாலு இடத்தில் குத்து வாங்கி எங்களைத் திட்டியவர்கள் இதைப் படித்தால், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். உத்திரமேரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறவள் நான்.

முள்

மாகறல் விவசாயி முனுசாமிக்கு உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி. சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்கு முள் தைப்பது சகஜம். அவரும் ஊக்கால் குத்திக் குத்தி மாதக்கணக்கில் முள்ளைத் தேடியிருக்கிறார். அது மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். அறுத்து எடுத்த பிறகும் திரும்ப வந்து, தொடை இடுக்கிலும் நுரையீரலிலும் கட்டியாக நின்றது.

ஒரு மருந்துக்கு அடங்காது என்று டாக்டர் மூன்றைச் சேர்த்து எழுதினார். அதில் ஒன்றின் மேல் வெளிச்சம் படக்கூடாது. பாட்டிலுக்கு நான் கறுப்பு உறை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "இன்னா சிஸ்டரு, வெயிலு பட்டாலே கெட்டுப்பூடற மருந்து என்னியக் காப்பாத்துமா?"

களை

இரண்டாவது முறை ட்ரிப்ஸ் ஏறியதும் வாந்தி, வாயெல்லாம் புண், தலையில் முடி இல்லை. மூன்றாவது முறைக்கு வந்தவர் கட்டிலில் உட்கார மறுத்துவிட்டார். "போதும், வூட்லயே கெடந்து சாவறேன்" என்று செருப்பை மாட்டினார். இப்படிக் கிளம்பிப்போன சிலர் திரும்பி வந்ததே இல்லை.

நான் டாக்டரைக் கூப்பிட ஓடுவதற்குள் அவர் மனைவி அஞ்சலை வாசலை மறித்து நின்றார். "களைக்கு மருந்தடிச்சா நெல்லுந்தான் நாலு நாளு மஞ்சளடிச்சி நிக்கிது. அதுக்கோசரம் களைய வுட்டுட்டா வூட்டுக்கு வந்தே?"

நடவு

முனுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கையை நீட்டிவிட்டார். அந்த முறை முடிந்து ஸ்கேன் எடுத்தோம். கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. முழுசாகப் போகவில்லை, இன்னும் ட்ரிப்ஸ் இருக்கிறது என்றார் டாக்டர். அஞ்சலை சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நர்ஸ் அழக்கூடாதே என்று, சுத்தமாக இருந்த ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் துடைத்தேன்.

முனுசாமி மட்டும் வேறு யோசனையில் இருந்தார். "நடவு வருது சிஸ்டரு. அடுத்த ட்ரிப்ஸ ஒரு வாரம் தள்ளி வெச்சிக்கினா இன்னா?"

சாவறேன் என்று கிளம்பிய மனுஷன் லீவு கேட்டு நிற்கும்போது, "அதெல்லாம் கிடையாது" என்று அதட்டுகிற சந்தோஷம் வேறு எந்த உத்தியோகத்தில் கிடைக்கும், சொல்லுங்கள்!