ஓம் என்ற ஒற்றைச் சொல்

துணியை ஊசிக்குக் கீழே தள்ளியபடியே அன்ரனிற்றா “ஓங்கா, ஓங்கா” என்று ஆமோதிக்கிறார். வாசலில் நிற்கும் பெண் கழுத்தை இறக்கி வெட்டச் சொல்கிறாளா, ஏற்றி வெட்டச் சொல்கிறாளா என்பது அவருக்கு முக்கியமில்லை. கையை நீட்டுவார். “அளவுச் சட்டையத் தாங்க. வாயால சொன்னா எனக்கு மறந்து போயிரும்.” கல்முனையில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்த கை. அளவு பிழைத்ததாக யாரும் சொன்னதில்லை.

மெலிந்த உடம்பு. உதட்டில் எப்போதும் இரண்டு குண்டூசி. பக்கத்து வீட்டில் சண்டை பிடித்தாலும் தலை நிமிராது. “அது அமைதியான மனிசி” என்று தெருவில் சொல்வார்கள். கணவர் தேவராசாவுக்கு பஸ் டிப்போவில் வேலை. சைக்கிளைத் துடைத்துக்கொண்டோ, எங்கேயோ பார்த்துக்கொண்டோதான் கதைப்பார். எதைச் சொன்னாலும் மனைவியின் பதில் ஓம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சென்ற வருடம் மாதா கோயில் திருநாளுக்கு எங்கள் தெருக்காரர் சேர்ந்து பழைய ராசா நாடகம் ஒன்றை மேடையேற்றினோம். தேவராசா அரசன். அரசியாக நடிக்க இருந்த பெண் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டாள். “சொந்தப் பொண்டாட்டியே நிக்கட்டும். ஒருத்தரும் கதை கட்ட மாட்டாங்க” என்றார் நாடகம் பழக்கிய கனகரெத்தினம் மாஸ்டர். அன்ரனிற்றா முழு வசனத்தையும் பாடமாக்கிவிட்டார். ஒத்திகையில் அரசனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். என்ன நடிப்பு என்று வியந்தோம்.

நாடகத்தன்று திரைக் கயிறு என் கையில். கடைசிக் காட்சியில், ஒத்திகையில் இல்லாத விதமாக, தேவராசா அரசிக்கு முதுகைக் காட்டிச் சபையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“தேவி, என்னை வெறுத்து இந்நகர் நீங்குவாயோ?”

‘உயிர் நீங்கினும் உம்மை நீங்கேன்’ என்பது அரசியின் வசனம்.

“ஓம்” என்றார் அன்ரனிற்றா.

சபை சிரித்தது. தேவராசா குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார்.

“ஓம்.”

சிரிப்பு நின்றது. அவர் திரும்பாமலே, முன்னால் மைக் இருப்பதையும் மறந்து, “அன்ரனிற்றா, நான் கதைக்கிறது உனக்குக் கேக்குதா?” என்றார்.

“ஓம்.”

அப்போதுதான் அவர் திரும்பினார். அந்த முகத்தைக் கண்டதும் அன்ரனிற்றாவின் கை தானாக வாயைப் பொத்தியது. நான் திரையை இழுத்துவிட்டேன்.

“எவ்வளவு காலமா?” என்று கேட்டார் தேவராசா. கிரீடத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அந்தப் பெரிய காய்ச்சலுக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமா. இப்ப ஒண்டும் கேக்கிறல்ல. முகத்தப் பாத்தா விளங்கும்.”

“ஏன் சொல்லல்ல?”

“செவிடியெண்டு உங்கட ஆக்கள் சிரிப்பாங்க.”

அவர் அப்படியே மேடைப் பலகையில் உட்கார்ந்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி மெதுவாகக் கேட்டார். “அப்ப டிலக்சினிய கட்டாருக்கு அனுப்புவமா எண்டு உன்னட்டக் கேட்டனே. கிணத்தடியில, முகம் கழுவிக்கொண்டு. நீ ஓம் எண்டியே.”

டிலக்சினி அவர்களுடைய ஒரே மகள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் அப்போது நாலு வருடம்.

“என்னட்டக் கேட்டீங்களா?” என்றார் அன்ரனிற்றா. “பாஸ்போட்டு வந்தாப்பிறகுதான் எனக்குத் தெரியும். பெத்தவளுக்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அனுப்பிற்றாரே எண்டு இண்டைக்கும் மனசுக்குள்ள வச்சிக்கொண்டிருக்கிறன்.”

“நீ வேணாமெண்டிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டன்.”

“திருப்பிச் சொல்லுங்க.”

அவரால் முடியவில்லை. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கும் உதட்டை அன்ரனிற்றாவால் வாசிக்க முடியாது. மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள்.

போன கிழமை பின்நேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் மார்கழியில் வருகிறாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பெரிய சண்டை.

“இனி அனுப்புறல்ல” என்று மேசையில் தட்டினார் அன்ரனிற்றா.

“அவள்ட விருப்பத்தையும் கேக்கணும். நாங்களா முடிவெடுத்தது போதும்.”

“மாட்டன். நான் மாட்டன்.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பொழுது இருட்டிவிட்டதால் அறையில் ஒன்றும் தெரியவில்லை. தேவராசா ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். அன்ரனிற்றா மேசையைத் தடவித் தன் போனை எடுத்து, அதன் வெளிச்சத்தை அவருடைய வாய்க்கு நேரே பிடித்தார்.