ஏழாம் நம்பர் வெங்காயம்

தனலெட்சுமிக்கு எண்ணுவதுதான் வேலை. மலேசியாவின் குளுவாங்கில் ஒரு தனியார் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, வெங்காய வேர்நுனியில் எத்தனை செல்லுக்குள் குரோமோசோம் உடைந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் முந்நூறிலேயே கணக்கை விட்டுவிடுவார்கள். இவள் ஆயிரத்தை முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவாள்.

ஆராய்ச்சி, டாக்டர் தர்ஷனாவுடையது. விஷத்தில் வளரும் வேரில் மரபணு சிதையும். கூடவே மூலிகைச் சாற்றையும் ஊற்றினால் சிதைவு குறைகிறதா என்று பார்ப்பார்கள். எந்த வெங்காயம் எதில் வளர்ந்தது என்பது எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாது. அவளுக்கு நம்பர் மட்டும்தான். பட்டியல் தர்ஷனாவின் மேசைக்குள் பூட்டிக் கிடக்கும்.

மூலிகை, தனலெட்சுமி வீட்டுப் பின்பக்கம் மண்டிக் கிடந்த வல்லாரை. போன வருடச் சோதனையில் சிதைவு நன்றாகவே குறைந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவர் சுகுமாறன் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து, களையைக் கொல்லும் புல்மருந்து அடிப்பவர். அந்த மனுஷனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தவள், அன்று முதல் தினமும் விடியற்காலையில் வல்லாரைச் சாறு அரைத்து பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள்.

இன்று ஏழாம் நம்பரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கு பார்த்தாலும் உடைசல். மறுபடி எண்ணினாள், அதேதான். வெறும் விஷம் ஊற்றிய வெங்காயம் இது, அதுவும் கை தவறி இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறீர்கள் என்று தர்ஷனாவிடம் போய்ச் சொன்னாள். தர்ஷனா பட்டியலை எடுத்தாள். பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இதுல விஷமே ஊத்தலக்கா. ஏழு வெறும் வல்லாரைச் சாறு."

ஒப்பிட்டுப் பார்க்க வைத்த நாலாம் நம்பரும் வெறும் வல்லாரைதான். அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டும் ஒரே பாத்தியில் அவளே பறித்தவை. நாலாம் நம்பர் இலையை ஆய்வுக்கூடத்தில் கழுவி அரைத்தார்கள். ஏழாம் நம்பரை, வேலை மிச்சமாகட்டும் என்று, அவள் வீட்டிலேயே ஊறவைத்து அரைத்துக் கொண்டுவந்தாள். எந்தத் தண்ணீரில் என்று தர்ஷனா கேட்டாள்.

வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரில்தான். மூன்று மாதமாகக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. பிடித்து வைக்கப் பெரிய பீப்பாயாக ஒரு தோம்பு வேண்டும் என்று கணவரை நச்சரித்தவள் அவளேதான். அவர் தோட்டத்து ஸ்டோரிலிருந்து காலியான நீலத் தோம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். புல்மருந்து வந்த தோம்பு. சோப்புப் போட்டு ஐந்து தடவை கழுவியும் கொடுத்தார். அங்கே எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று நிற்கிறது. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. சரி, அவர்களுக்குத் தெரியாது. பதினாறு வருடம் இதையே எண்ணியவளுக்குமா தெரியாமல் போக வேண்டும்?

போனை எடுத்துக் கணவரை அழைத்தாள்.

"என்னங்க, தோம்புத் தண்ணியத் தொடாதீங்க. வல்லாரச் சாறும் குடிக்காதீங்க."

"காலையிலயே எல்லாரும் குடிச்சாச்சுலா."

எல்லாரும் என்றால் யார் என்று கேட்டாள். அவர் பெருமையாகவே சொன்னார். இவ்வளவு நல்ல சாமானைத் தான் மட்டும் குடிப்பது நன்றாகவா இருக்கும்? அதனால் தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போதே, மருந்தடிக்கும் ஆட்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கப் ஊற்றிக் கொடுத்துவிடுகிறாராம். லெச்சுமி ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்த மருந்து என்றுதான் அவர்களும் குடிக்கிறார்களாம்.

"எத்தன பேரு?"

"என்னையும் சேத்து பதினோரு பேரு. ஏன்?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க யார்கிட்டயும் ஒன்னும் சொல்லாதீங்க. நானே வந்து சொல்றேன்."

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பதினோரு பேரையும் பெயர் சொல்லி, விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்பதுக்கு மேல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.